ஆறடி ரீஃப் தொட்டி: கொட்டேஷனில் வராத விஷயங்கள்

கடல் மீனும் பவளமும் வளர்க்கும் ரீஃப் தொட்டி பற்றி வந்த கேள்விகளில் ஏழுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி கேட்டவர்களுக்குத் தனித்தனியாக எழுதவில்லை.

வேளச்சேரி வாசகர்: மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். ஹாலில் 6 அடி நீளம், 2.5 அடி அகலம், 2 அடி உயரத்தில் ரீஃப் தொட்டி கட்ட ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கினேன். "850 லிட்டர், 12 எம்எம் கண்ணாடி, ஸ்டாண்ட், ஃபில்டர், லைட் சேர்த்து" என்று ஒரே வரியில் ஒரே தொகை. தரை தாங்குமா? கண்ணாடி போதுமா?

முதலில் எடை. 850 என்பது வெளி அளவுக் கணக்கு. தொட்டிக்குள் நிற்கும் சுமார் 750 லிட்டர் உப்புநீர் 770 கிலோ. 15 எம்எம் கண்ணாடி என்றால் அது மட்டும் 170 கிலோ. கீழே சம்ப் தொட்டியும் (பம்பும் ஃபில்டரும் இருக்கும் துணைத் தொட்டி) அதன் நீரும் 230, கல்லும் மணலும் 80, இரும்பு ஸ்டாண்ட் 110. கூட்டினால் ஏறத்தாழ 1,350 கிலோ. இத்தனையும் உட்காரும் இடம் 1.4 சதுர மீட்டர்கூட இல்லை. வீட்டுத் தளங்களுக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரம் சொல்லும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. நீங்கள் ஏற்றப்போவது அதைப் போல ஐந்து மடங்கு. உடனே தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்த 200 கிலோ அறை முழுக்கப் பரவும் சுமைக்கான கணக்கு. ஆனால் ஹாலின் நடுவில், இரண்டு பீமுக்கும் இடைப்பட்ட தளத்தில் வைக்கவே கூடாது. பீமுக்கு நேர் மேலே, அல்லது பீமின் மேல் எழுந்த சுவரை ஒட்டி நீளவாக்கில் வையுங்கள். கட்டட வரைபடத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "இதே மாதிரி நாலு ஃபிளாட்ல வெச்சிருக்கோம் சார்" என்று கடைக்காரர் சொல்வது இன்ஜினியர் கையெழுத்துக்கு ஈடாகாது.

கண்ணாடி: 2 அடி உயரம், 6 அடி நீளத்துக்கு 12 எம்எம் போதுமானதாக இருக்க வேண்டுமானால், மேல் விளிம்பு நெடுக கண்ணாடிப் பட்டையும் குறுக்கே ஒரு பட்டையும் ஒட்டியிருக்க வேண்டும். மேலே பட்டையே இல்லாமல் திறந்த விளிம்பாக வேண்டுமென்றால் 12 எம்எம்மில் சம்மதிக்காதீர்கள். 15 எம்எம் போட்டு, பட்டையும் வைத்துக்கொண்டால் நிம்மதி. டெலிவரி அன்று விளிம்பில் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து அளந்து பாருங்கள். 12 என்று எழுதி 10 இறங்குவது நடக்கக்கூடியது. ஒட்டி முடித்த பிறகு கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

குழாய்க்காகத் துளை போடப்போகும் கண்ணாடி டஃபன்ட் (சூடேற்றிக் கடினமாக்கியது) ஆக இருக்கக் கூடாது. டஃபன்ட் கண்ணாடியில் டிரில் பட்டால் பொடிப்பொடியாகிவிடும். முன்பக்கத்துக்கு மட்டும் இரும்புச்சத்து குறைந்த வெண்கண்ணாடி கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி 15 எம்எம்மில் பச்சை அடிக்கும், மீனின் நிறமே மாறித் தெரியும். மற்ற மூன்று பக்கத்துக்கும் அது வீண் செலவு. ஒட்டும் சிலிகானில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கக் கூடாது. பாத்ரூமுக்கு என்று விற்பது பெரும்பாலும் அந்த வகைதான்.

ஸ்டாண்டுக்கு ப்ளைவுட் மூடுவதானால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ப்ளை. பார்ட்டிகிள் போர்டு உப்புநீர் பட்டு அப்பளமாக உப்பிவிடும். ஸ்டாண்ட் வந்ததும் ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் பாருங்கள். தரை கோணலாக இருந்தால் காலுக்கு அடியில் சரிசெய்ய வேண்டும். தொட்டிக்கு அடியில் போடும் ஃபோம் ஷீட் மணல் துகளைத்தான் விழுங்கும், முறுக்கிய ஸ்டாண்டை நேராக்காது.

அந்த ஒற்றை வரிக் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுங்கள். கண்ணாடி தடிமன், சிலிகான் பெயர், துளைகளின் எண்ணிக்கையும் அளவும், பம்ப், ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), லைட் இவற்றின் மாடல் எண், எல்லாம் தனி வரியாக வரட்டும். கடைசித் தவணையை, உங்கள் வீட்டில், உங்கள் ஸ்டாண்டில், விளிம்பு வரை நிரப்பி ஏழு நாள் ஒழுகாமல் நின்ற பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, 6 அடிக் கண்ணாடி லிஃப்டுக்குள் போகுமா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே டேப் வைத்துப் பாருங்கள்.

கோவை வாசகர்: தொட்டி 6 அடிக்கு 2 அடி. கரண்ட் போகும்போதெல்லாம் சம்ப் நிரம்பித் தரையில் ஓடுகிறது. செக் வால்வு (நீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) போட்டால் சரியாகும் என்கிறார் கட்டிக்கொடுத்தவர்.

ஆகாது. கொஞ்ச நாள் சரியான மாதிரி இருக்கும். செக் வால்வின் மூடியில் சுண்ணாம்புப் பாசி படிந்ததும் முழுசாக மூடாது, அது மூடாத அன்று நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள்.

நடப்பது இதுதான். பம்ப் நின்றதும், மேலே தண்ணீர் விடும் குழாய் அப்படியே சைஃபனாக மாறி, அதன் வாய் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை தொட்டி நீரைக் கீழே இழுக்கும். உங்கள் தொட்டியில் 1 செ.மீ. நீர் என்பது 11 லிட்டர். குழாய் வாய் 8 செ.மீ. ஆழத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 90 லிட்டர் இறங்கும். சம்ப்பில் காலியிடம் 40 லிட்டர் என்றால் மீதி 50 லிட்டர் உங்கள் டைல்ஸ் மேல்.

குழாய் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருக்கும்படி உயர்த்துங்கள். இறங்கும் நீர் 20, 25 லிட்டரோடு நின்றுவிடும். குழாயில் 5 எம்எம் துளை போட்டுக் காற்று புக வைக்கும் வழியும் உண்டு. ஆனால் ஒரு நத்தை வந்து அந்தத் துளையில் உட்கார்ந்தால் பழைய கதைதான். இரண்டையும் செய்யலாம், துளையை மட்டும் நம்ப வேண்டாம்.

பிறகு பம்பை வேண்டுமென்றே அணைத்து, நீர் இறங்கி நிற்கும்வரை காத்திருந்து, சம்ப் வழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி ஓடவிட்டு, ஓடும்போது நிற்கும் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். அதற்கு மேல் யாரும் நீர் ஊற்றக் கூடாது. இதன் மறுபக்கத்தையும் சோதியுங்கள்: இறங்கு குழாயைக் கையால் அடைத்துவிட்டு பம்பை ஓடவிடுங்கள். சம்ப்பின் பம்ப் அறை வற்றும்வரை மேல் தொட்டி வழியக் கூடாது. வழிந்தால் அந்த அறையின் நீர் அளவைக் குறைக்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் மூன்று இறங்கு குழாய் கேளுங்கள்: முழு நீரோடு சத்தமில்லாமல் இறங்க ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று, இரண்டும் அடைத்தால் காப்பாற்ற ஒன்று. மூன்றாவது எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும். அதில் நீர் சத்தம் கேட்டால் அதுவே எச்சரிக்கை மணி.

மதுரை வாசகர்: மொத்தம் 500 லிட்டர். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் மெஷின்) கட்டாயமா, ஃபேன் போதாதா? கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

ஃபேன் குளிர்விப்பது ஆவியாக்கித்தான். 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) வெப்பம் வெளியேறும். தண்ணீருக்குள் இருக்கும் பம்புகள் 100 வாட் தின்றால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட் வெப்பம் நீரிலேயே சேர்கிறது. அதை ஈடுகட்டவே மூன்றரை லிட்டர் ஆவியாக வேண்டும். மதுரையின் வறண்ட காற்றில் ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். சென்னையின் புழுக்கத்தில் அதுவும் தேறாது. மே மாதம் அறை 35 டிகிரியில் இருக்கும்போது பவளத்துக்கு வேண்டிய 25, 26 டிகிரிக்கு ஃபேனை வைத்துக் கொண்டுவர முடியாது. அறைக்கு நாள் முழுக்க ஏசி ஓடாது என்றால் சில்லர் வேண்டும். உங்கள் அளவுக்கு அரை எச்பி.

வாங்கும்போது ஒரே கேள்வி: உள்ளே நீர் படும் சுருள் குழாய் டைட்டானியமா? செம்பு என்றால் மலிவாக இருக்கும். உப்புநீரில் கரைந்து இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். சில்லரைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் அடைக்காதீர்கள். அது விடும் சூட்டை அதுவே மறுபடி இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும்.

மின்சாரம்: சில்லர் 400 வாட், வெயில் காலத்தில் 10 மணி நேரம், 4 யூனிட். லைட் 200 வாட் 9 மணி நேரம், 1.8. பம்பும் ஸ்கிம்மரும் 80 வாட் நாள் முழுக்க, 1.9. ஒரு நாளைக்கு ஏழரையிலிருந்து எட்டு யூனிட், இரண்டு மாத பில்லில் 450க்கு மேல் கூடும். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் அலை பம்பையும் ஒரு ஏர் பம்பையும் மட்டும் இணையுங்கள், சில்லர் வேண்டாம். நீர் கொஞ்சம் சூடானால் மீன் தாங்கும், ஆக்சிஜன் குறைந்தால் தாங்காது. தொட்டியின் மொத்த இணைப்புக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடாமல் அதில் கையை விடாதீர்கள்.

திருவான்மியூர் வாசகர்: கடல் பக்கத்திலேயே இருக்கிறது, நீரைக் குடத்தில் எடுத்து வரலாமா? இல்லாவிட்டால் வீட்டு ஆர்ஓ நீரில் உப்பு கலக்கலாமா?

இரண்டும் வேண்டாம். கரையோரக் கடல்நீர் அடையாறும் கூவமும் கொண்டுவந்து கொட்டுவதையெல்லாம் சேர்த்ததுதான்.

வீட்டு ஆர்ஓவில் வேறொரு சிக்கல். குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று பல மெஷின்களில் டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வைத்து, வடிகட்டாத நீரையே கொஞ்சம் திரும்பக் கலக்கிறார்கள். மீட்டரில் 60, 80 காட்டும் அந்த நீரில் நைட்ரேட், சிலிக்கேட் எல்லாம் இருக்கும். மூன்றாம் வாரம் மணல் முழுக்கப் பழுப்புப் பாசி. கன்ட்ரோலர் இல்லாத ஆர்ஓ, அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின், மீட்டரில் 0. ரெசின் தீர்ந்து 1, 2 என்று ஏற ஆரம்பித்ததும் மாற்றிவிடுங்கள்.

உப்பு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம். 900 லிட்டர் நிரப்ப 32 கிலோவுக்குக் குறையாது. "ஒரு பக்கெட் போதும்" என்றால் பக்கெட்டின் எடையைப் படியுங்கள். உப்பைத்தான் நீரில் போட வேண்டும், உப்பின் மேல் நீரை ஊற்றினால் சுண்ணாம்பு திரிந்து வெள்ளையாகப் படிந்துவிடும். உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ நீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபாருங்கள்.

தூத்துக்குடி வாசகர்: ராமேஸ்வரம் பக்கமிருந்து "செத்த பவளக் கல், இதுக்கெல்லாம் கேஸ் வராது" என்று கிலோ கணக்கில் தருவதாகச் சொல்கிறார்கள். கடையில் கல் பவளமும் கடல் குதிரையும்கூட இருக்கிறது. வாங்கலாமா?

கூடாது. கல் பவளங்கள் எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் எலும்புக்கூடாக இருந்தாலும் வேறுபாடில்லை. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், கடல் குதிரை எல்லாம் அதே பட்டியல்தான். மணலைச் சுத்தம் பண்ணும் என்று சொல்லி விற்கும் கடல் அட்டையும் அதில் உண்டு. "இது இம்போர்ட்" என்பார்கள். கல் பவளங்கள் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை, ஏற்றுமதி நாட்டின் அனுமதித் தாள் இல்லாமல் வர முடியாது. அந்தத் தாளைக் கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போகும். தாளே இருந்தாலும் முதல் அட்டவணை உயிரினத்தை ஹாலில் வைத்துக்கொள்ளும் தலைவலி உங்களுக்கு எதற்கு? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986லேயே கடல்வாழ் தேசியப் பூங்காவாகிவிட்டன, அங்கிருந்து எதையும் எடுக்க முடியாது.

கல்லுக்குப் பதில் செராமிக் கல் 40, 50 கிலோ போதும். சிமென்டில் செய்த கல் மலிவு, ஆனால் பல வாரம் ஊறவைத்து நீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊறிய நீரின் பிஎச் 8.5க்குக் கீழே வந்து நின்ற பிறகே தொட்டிக்குள் போகலாம். எலும்புக்கூடு இல்லாத மென்பவளங்களான காளான் பவளம், சோவாந்தஸ், லெதர் ஆகியவற்றை வளர்ப்பில் வெட்டிப் பெருக்கியவையாக, பில்லோடு வாங்குங்கள். தொட்டிக்குள் அசைந்தாடும் பவளம் வேண்டுமென்றால் அழகுக்கு அவையே போதும். கல் பவளத்தைவிட வெளிச்சமும் சுண்ணாம்பும் குறைவாகக் கேட்பவை. மீனில் கோமாளி மீன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையமே அதைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. வளர்ப்பு மீன் உலர்தீனியை முதல் நாளே தின்னும்.

திருச்சி வாசகர்: கல்லில் பூச்சி வந்துவிட்டது. கொதிக்க வைத்து எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சோவாந்தஸ், அதன் உறவான பாலித்தோவா ஒட்டிய கல்லில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கக்கூடும். கொதிக்கும் ஆவியை மூச்சில் இழுத்தால் வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் அதே அபாயம், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அந்தக் கல்லைத் தொடாதீர்கள்.

சேலம் வாசகர்: சென்னைக் கடையில் கட்டி வாங்கிய தொட்டி ஐந்தாவது மாதம் பின்பக்க ஒட்டு விட்டு, வீடெல்லாம் உப்புநீர். "கண்ணாடிக்கு வாரண்டி இல்லை என்று பில்லிலேயே இருக்கிறது" என்கிறார்கள்.

துடைத்துச் சுத்தம் பண்ணுவதற்கு முன்னால் வீடியோ எடுத்தீர்களா? இல்லையென்றாலும் உடைந்த ஒட்டைத் தூக்கி எறியாதீர்கள், சாட்சி அதில்தான் இருக்கிறது. சிலிகான் ஸ்டிக்கர் மாதிரி வழுவழுவென்று உரிந்து, அடியில் கண்ணாடி பளபளவென்று இருந்தால், ஒட்டும் முன் கண்ணாடியை அசிட்டோனால் துடைக்கவில்லை, அல்லது பழைய சிலிகான் மேலேயே புதிதைப் பூசியிருக்கிறார்கள். அது கட்டியவர் குறை. சிலிகான் நடுவில் கிழிந்து இரண்டு கண்ணாடியிலும் பாதிப் பாதி ஒட்டியிருந்தால் ஒட்டு பிடித்திருக்கிறது, இழுவிசைதான் மிஞ்சியிருக்கிறது: கண்ணாடி மெல்லியது அல்லது ஸ்டாண்ட் முறுக்கியது. கீழ் மூலையிலிருந்து கண்ணாடியே விரிசல் விட்டிருந்து, ஸ்டாண்டும் நீங்கள் தனியாகச் செய்ததென்றால், வழக்கு உங்களுக்கு எதிராகவே திரும்பலாம். நேர்மையாகப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

கட்டியவர் குறைதான் என்றால், பில்லில் "வாரண்டி இல்லை" என்று அச்சடித்தது மட்டுமே அவரைக் காப்பாற்றாது. செய்து கொடுத்த வேலையில் குறைபாடு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன் கீழ் கேட்கலாம். முதலில் ஸ்பீட் போஸ்டில் 15 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம். கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் சேலத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, ஒட்டு விட்ட நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். கொட்டேஷன், பணம் செலுத்திய ரசீது, கடையோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, கண்ணாடியை வெர்னியரில் அளந்த படம், செத்த மீன்களின் பில், கெட்டுப்போன தரைக்கு ஆசாரி கொடுத்த மதிப்பீடு, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். அந்த உரிந்த சிலிகான் துண்டை ஒரு ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.