சுட்டவருக்குத்தான் முதுகுக்கறியா?

கேள்வி: நானும் நண்பர் ஒருவரும் சில வருடங்களாகச் சேர்ந்து, முறைப்படி லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறோம். வயதில் என்னைவிட மூத்தவர், 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவேன். போன சீசனில் நான் சுட்ட மானை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஈரலையும் இதயத்தையும் மட்டும் நான் வைத்துக்கொண்டேன். இந்த முறை அவர் சுட்டார். குடல் எடுத்தது, வண்டிவரை இழுத்து வந்தது, தோலுரித்தது, என் வீட்டில் வைத்து வெட்டியது எல்லாம் நான். கடைசியில் முதுகுக்கறி முழுவதும், பின்னங்கால் இரண்டும் அவர் பெட்டிக்குள் போய்விட்டன. எனக்கு முன்னங்கால்களும் கழுத்தும் கொத்துக்கறியும். ஒரே ஒரு காலைப்பொழுது கூட வந்த அவருடைய மைத்துனருக்கும் ஒரு பை. கேட்டால், "சுட்டது நான்தானே தம்பி" என்று சிரிக்கிறார். நான் அற்பத்தனமாக நினைக்கிறேனா? எப்படிப் பங்கு போட்டால் நியாயம்?
– பெயர் வேண்டாம்

பதில்: அற்பத்தனம் இல்லை. கறிக்காக ஒருவர் கோபித்துக்கொண்டால் ஊர் சிரிக்கும் என்ற பயத்தில்தான் பலர் இதை வெளியில் சொல்வதில்லை. சொல்லாமலே அடுத்த வருடம் வேறு கூட்டாளி தேடிக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்டது நல்லது.

முதலில் உங்களுக்குப் பிடிக்காத விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே எதுவும் பேசிக்கொள்ளாத நிலையில், சட்டப்படி பார்த்தால் அவர் பக்கம் பலம் உண்டு. டேக் (லைசென்ஸோடு தரும், சுட்ட மிருகத்தின் மேல் கட்ட வேண்டிய எண் போட்ட அடையாளச் சீட்டு) முறை இருக்கும் பெரும்பாலான இடங்களில், யாருடைய டேக் மிருகத்தின் மேல் கட்டப்பட்டதோ அவருடையதுதான் அந்த மிருகம். பல இடங்களில் இன்னொருவருக்குக் கறி கொடுப்பதென்றால் டேக் எண்ணும் கையெழுத்தும் போட்ட சீட்டு ஒன்றையும் கூடவே கொடுக்க வேண்டும். ஆக, "என் பங்கு எங்கே?" என்று சட்டம் பேசிக் கேட்க உங்களுக்கு இடமில்லை. ஆனால் உங்கள் இருவருக்கும் நடுவில் வேறொரு ஒப்பந்தம் இருந்தது. போன சீசனில் உங்கள் மானைப் பாதி பாதியாகப் பிரித்தபோது உருவான ஒப்பந்தம் அது. அன்று பாதியை வாங்கிக்கொண்டவர், இன்று 'சுட்டது நான்' என்று சொல்லும்போது விதியை நடுவழியில் மாற்றுகிறார். உங்கள் கோபத்தில் நியாயமான பகுதி அதுதான். நீங்கள் பட்ட சிரமம் அப்புறம்தான் வருகிறது.

கூட்டு வேட்டையில் மிருகம் எல்லோருக்கும் பொது, சுட்டவருக்குத் தனிப் பங்கு கிடையாது என்பதுதான் என் கட்சி. யார் உட்கார்ந்திருக்கும் பக்கம் மான் வரும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஒருவர் வடக்குப் பக்கம் காத்திருந்ததால்தான் மான் தெற்கே நகர்ந்திருக்கும். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களிடம் மானுடவியலாளர்கள் பதிவுசெய்த ஒரு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே கறியைப் பங்கு போடும் பொறுப்பு, கொன்ற அம்பு யாருடையதோ அவருக்கு இருந்தது. அம்புகளையோ ஒருவருக்கொருவர் ஓயாமல் கொடுத்து வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அதனால் எய்தவர் ஒருவர், பங்கு போடுபவர் இன்னொருவர் என்று ஆகிவிட்டது. வேட்டைக்கே போகாத கிழவர்கூட அம்பின் சொந்தக்காரர் என்ற முறையில் கறியைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. குறி தப்பாதவனுக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

'அவரவர் சுட்டது அவரவருக்கு' என்பதும் நியாயமான முறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியென்றால் அவரவர் மானை அவரவரே இழுத்து, உரித்து, வெட்டவும் வேண்டும். கறியில் தனிக்குடித்தனம், வேலையில் கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ள முடியாது.

இப்போது கறிக்கு வருவோம். சுமார் 70 கிலோ மானில் குடல், ஈரல் எல்லாம் எடுத்தபின் 55 கிலோ வரை நிற்கும். தலை, தோல், எலும்பு, கொழுப்பு, வீணான பகுதி எல்லாம் கழித்தால் கைக்கு வரும் தனிக்கறி 25 கிலோ சுற்றி. முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீளத் தசை, உள்ளே இடுப்புப் பக்கம் ஒட்டியிருக்கும் சிறிய மென்கறி, இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவைப் பெரிதாகத் தாண்டாது. அந்த மூன்று கிலோவுக்குத்தான் எல்லா மனஸ்தாபமும். அதனால்தான் மொத்த எடையைப் பாதியாக்கினால் போதும் என்ற கணக்கு தோற்றுப் போகிறது. உங்கள் நண்பர் தராசில் வைத்து உங்களுக்கும் அதே எடையைக் கொடுத்திருக்கலாம், அப்போதும் அது சமபங்கு ஆகாது. கழுத்துக்கறியில் பத்து கிலோ வந்தாலும் அது முதுகுக்கறி ஆகிவிடாது.

இருவர் என்றால் வழி சுலபம். மிருகத்துக்கு எல்லாமே இரண்டிரண்டாக இருக்கின்றன. முதுகுக்கறி ஆளுக்கொரு பக்கம், பின்னங்கால் ஆளுக்கொன்று, முன்னங்கால் ஆளுக்கொன்று. கழுத்து, விலா, துண்டு துணுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொத்தி, எடை போட்டுப் பாதியாக்குங்கள். மூவராகிவிட்டால் ஒவ்வொரு வகைக் கறியையும் மூன்றாக வெட்டி மூன்று கூறு போடுங்கள். ஒருவர் திரும்பி நிற்க, இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, திரும்பி நிற்பவர் பெயர் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கூறு போட்டவர் கடைசியில் எடுக்க வேண்டும். கத்தி பிடித்தவர் முதலில் எடுக்கக் கூடாது என்ற ஒரு விதி இருந்தாலே வெட்டு தானாக நேராகும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். தோட்டா எங்கே பாய்ந்தது? முன்சப்பையில் பட்டிருந்தால் அந்தப் பக்கத்து முன்னங்காலில் ரத்தம் கட்டிப் பாதிக்கறி வீணாகியிருக்கும். உங்களுக்கு வந்த முன்னங்கால்களில் ஒன்று அதுவாக இருந்தால், அவர் சுட்டதன் நஷ்டத்தையும் நீங்களே சுமந்திருக்கிறீர்கள். ஈயத் தோட்டாவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் காயத்தைத் தாண்டியும் சிதறியிருக்கும். குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருக்கும் வீடானால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், அந்தப் பகுதியைக் கொத்துக்கறியில் சேர்க்கவே வேண்டாம். இப்படிக் கழிவதெல்லாம் பொதுவில் கழிய வேண்டும். அதனால் எடை போடுவது எப்போதும் சுத்தம் செய்த பிறகுதான். தொங்கவிட்டுப் பதப்படுத்துவதாக இருந்தால் அதுவும் முடியட்டும். காய்ந்து எடை குறைவதும் ஒருவர் தலையில் விழக் கூடாது.

உங்கள் உழைப்புக்கு வருகிறேன். அதற்குக் கூலியாகக் கூடுதல் கறி கேட்காதீர்கள். இழுத்ததற்கு ஒரு கிலோ, உரித்ததற்கு இரண்டு கிலோ என்று கணக்குத் தொடங்கினால், பெட்ரோலுக்கு எத்தனை, இடம் பார்த்து வைத்ததற்கு எத்தனை என்று அவரும் தொடங்குவார். வேலையை வேலையால் சரிக்கட்டுங்கள். இந்த முறை நீங்கள் வெட்டினீர்கள், அடுத்த முறை அவர் வீட்டில் அவர் வெட்டட்டும். பெட்ரோல், ஐஸ், வெளியே வெட்டக் கொடுத்தால் அந்தக் கூலி எல்லாம் பணமாகப் பங்கு பிரியட்டும். ஆனால் கறிக்கு மட்டும் விலை வைக்காதீர்கள். வேட்டைக்கறியை விற்பது பல இடங்களில் குற்றம், நண்பர்களுக்குள் என்றாலும்தான்.

சரி, அவரிடம் எப்படிச் சொல்வது? ஃப்ரீஸரில் இருக்கும் கறியைத் திருப்பிக் கேட்காதீர்கள். அது போனது போனதுதான். அடுத்த சீசனுக்கு லைசென்ஸ் எடுக்கும் சமயத்தில், துப்பாக்கி வெளியில் வருவதற்கு முன்னால் பேசுங்கள். "அண்ணா, இந்தத் தடவை போறதுக்கு முன்னாடியே பங்கைப் பேசி வச்சுக்கலாம். நீங்க சுட்டாலும் நான் சுட்டாலும் எல்லாத்துலயும் பாதி. வெட்டுறது மாறி மாறி. உங்களுக்குச் சரியா?" என்றால் போதும். போன கதையை இழுக்க வேண்டாம். அவரே இழுத்தால், "முதுகுக்கறி ஒரு துண்டுகூட வரலைன்னு எனக்கு வருத்தம்தான்" என்று ஒரு வரி சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மூத்தவர் என்பதற்காக அதையும் விழுங்க வேண்டியதில்லை. அவர் 'இல்லை, சுட்டவனுக்குத்தான்' என்றால் கோபப்படாமல் ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் மானுக்கும் அதே விதி, அவர் மானுக்குக் கத்தி பிடிப்பது அவரே. ஒரு சீசனில் அவருக்கே அது கசந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அந்த ஈரலும் இதயமும் விஷயத்தில் நீங்கள் அவரைக் கேட்டுவிட்டுத்தான் வைத்துக்கொண்டீர்களா? கடிதத்தில் அந்த வரியைச் சட்டென்று தாண்டிப் போகிறீர்கள். அவர் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்திருந்தால், அவர் மனதிலும் ஒரு சின்ன கணக்கு ஓடியிருக்கலாம். பேசும்போது அதை நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். கொம்பைச் சுட்டவருக்கே விட்டுவிடுங்கள், அதில் யாரும் பங்கு கேட்பதில்லை.

மைத்துனர் ஒரு காலைக்கு வந்த விருந்தாளி, கூட்டாளி இல்லை. அவருக்குக் கறி கொடுப்பதில் தவறில்லை. அழைத்து வந்தவர் தன் பங்கிலிருந்து கொடுக்கட்டும்.