சோலார் தகடு மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் பேரூராட்சிக்குப் புதிய தீயணைப்பு நிலையம் வரவிருக்கிறது. அதைப் பசுமைக் கட்டடமாக அமைக்கக் கோரி மனு கொடுக்க எண்ணுகிறோம். கூரையில் சோலார் தகடு பதிப்பதைத் தவிர வேறு எதைக் கேட்கலாம்?
– வாசகர் ஒருவர், கடலூர் மாவட்டம்.

பதில்: சோலாரைக் கேளுங்கள், ஆனால் பேட்டரியோடு சேர்த்துக் கேளுங்கள். மின்வாரிய இணைப்போடு ஓடும் வழக்கமான சோலார் அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஊரே இருளில் கிடக்கும் புயல் இரவில்தான் இந்தக் கட்டடத்துக்கு வேலை அதிகம்.

மனுவின் முதல் வரி மனையைப் பற்றியதாக இருக்கட்டும். சும்மா கிடக்கிறதே என்று ஏரிக்கரையோரத் தாழ்நிலத்தை ஒதுக்கினால், வெள்ளத்தில் முதலில் சிக்குவது தீயணைப்பு வண்டியாகவே இருக்கும். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893, தன் 2016 பதிப்பில், கட்டடம் தாங்க வேண்டிய அதிர்வு விசையைக் கணக்கிடும்போது பெருக்கும் எண்ணான முக்கியத்துவக் காரணியை, சாதாரண வீட்டுக்கு 1 என்றும் தீயணைப்பு நிலையத்துக்கு 1.5 என்றும் வைத்திருப்பதும், மற்றவை சாயும்போது இது நிற்க வேண்டும் என்பதற்காகவே.

அடுத்தது தண்ணீர். பயிற்சிக்கும் வண்டி கழுவுவதற்கும் குடிநீரைச் செலவிடத் தேவையில்லை. 300 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 2,40,000 லிட்டர் சேரும்; அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கும் நிலத்தடித் தொட்டி இருந்தால், கோடையில் வண்டியை நிரப்ப லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க நேராது. வண்டி கழுவிய எண்ணெய்த் தண்ணீரை மட்டும், பிரித்தெடுக்காமல் வாய்க்காலில் விடக் கூடாது.

பசுமைக் கட்டடம் என்று பேசுவோர் பெரும்பாலும் மறப்பது வீரர்களின் மூச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை 2012-இலும் தீயணைப்புப் பணியையே 2022-இலும் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆகவே வண்டிக் கொட்டகையின் புகை, உறங்கும் அறைக்கும் சமையலறைக்கும் செல்லாதபடி இடையில் கதவிட்ட ஒரு நடை வேண்டும். கரி படிந்த உடைகளைக் கழற்றித் துவைக்கும் அறை, கொட்டகைப் பக்கமே அமைய வேண்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு சில சுவர்கள்தான், வரைபடத்திலேயே கேட்டுவிட்டால்.

மனுவை எழுதுமுன் பக்கத்து ஊர் நிலைய அலுவலரிடம் ஒருமுறை பேசுங்கள். வண்டி பின்னோக்கி வராமலே திரும்ப முற்றத்தில் இடம் உண்டா என்றுதான் அவர் முதலில் கேட்பார்.