அம்பாசடர் இன்ஜினும் அப்பாவின் ஆர்.சி. புத்தகமும்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1958 மாடல் எம்.ஜி.ஏ. 1500 ஸ்போர்ட்ஸ் கார் மதுரை கே.கே. நகர் வீட்டில் நிற்கிறது. கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டை விழுந்துவிட்டது. "அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின் அப்படியே உட்காரும், கோவை உக்கடத்தில் ஒன்று இருக்கிறது. பழைய இன்ஜின் நம்பர் தகட்டைக் கழற்றி இதில் ரிவெட் அடித்துவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக வேண்டாம்" என்கிறார் மெக்கானிக். லண்டனில் இருக்கும் தம்பி, எம்.ஜி.பி. காரின் 1800 சி.சி. இன்ஜினை அனுப்புகிறேன் என்கிறான். அப்பா காலமாகி இரண்டு வருடமாகிறது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். என்ன செய்வது?

பதில்: மெக்கானிக் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி உங்களைக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கும்.

எம்.ஜி.ஏ. 1500, பழைய அம்பாசடர் பெட்ரோல் இரண்டுமே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ் இன்ஜின் குடும்பம். போர் (சிலிண்டரின் விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88.9 மி.மீ., 1489 சி.சி. எல்லாம் ஒன்றே. ஆனால் அம்பாசடருக்கு ஒற்றை கார்புரேட்டர், உங்கள் காருக்கு இரட்டை எஸ்.யு. மேனிஃபோல்டு, சம்ப், ஃப்ளைவீல், முன் பின் பிளேட்டுகளைப் பழைய இன்ஜினிலிருந்து மாற்ற வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே இவற்றை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: அம்பாசடர் டீசலும் 1489 சி.சி.தான். சி.சி.யை மட்டும் பார்த்து டீசல் பிளாக்கை வாங்கி ஏமாறாதீர்கள். பின்னாளில் வந்த 1817 சி.சி. இசுசு இன்ஜின் வேறு ஜாதி.

சி.சி.யைப் பற்றி வக்கீலான நான் ஏன் இவ்வளவு பேச வேண்டும்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52(1)தான் காரணம். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களும் ஆர்.சி.யில் உள்ளவையும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. ஜெயச்சந்திரா வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. 1489-க்கு 1489 பெட்ரோல் போட்டால் மாறுவது இன்ஜின் எண்தான். "அதே வகை இன்ஜின்" என்று வாதாட இடம் உண்டு. தயாரித்த கம்பெனி வேறு என்று அதிகாரி தடை சொல்லலாம் என்பதால், மாட்டும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தம்பியின் 1798 சி.சி. இன்ஜினுக்கு இந்த வாதமே கிடையாது. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ(4)-ன் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தவிர, பழைய இன்ஜினை இறக்குமதி செய்ய டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அனுமதி தேவை. அது இல்லாமல் வந்தால் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். தம்பிக்கு ஆசை இருந்தால் புது பிஸ்டன் செட், கேஸ்கெட் செட் அனுப்பட்டும்.

நம்பர் தகடு விஷயத்துக்கு வருகிறேன். இந்த இன்ஜினில் எண் ஒரு சிறு தகட்டில் ரிவெட் அடித்திருப்பதால் மாற்றுவது சுலபம். அந்தச் சுலபம்தான் ஆபத்து. அந்த அம்பாசடர் திருட்டு வண்டியாக இருந்து, உங்கள் தகடும் அதன் மேல் இருந்தால், "தெரியாமல் வாங்கினேன்" என்று சொல்ல வாயே இருக்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 317 (திருட்டுப் பொருள்), 318 (மோசடி) பிரிவுகள் காத்திருக்கின்றன. உக்கடத்தில் வாங்குவதானால் விற்பவர் பெயர், முகவரி, இன்ஜின் எண் போட்ட பில், அந்த அம்பாசடரின் ஆர்.சி. நகல், பிரிவு 55-ன்படி பதிவு ரத்தான ஆதாரம் இவ்வளவும் வேண்டும். பில் தர மறுக்கும் கடையில் இன்ஜின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஆர்.சி. உங்கள் பெயருக்கு வர வேண்டும். உரிமையாளர்தான் மாற்றத்துக்கு மனுப் போட முடியும். இறப்பை 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31 கொடுத்திருக்க வேண்டும். தவறியதால் தாமதக் கட்டணம் இருக்கும், வழி அடைபடவில்லை. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், தம்பி உட்பட மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை அஃபிடவிட் தயார் செய்யுங்கள். காகித ஆர்.சி.யாக இருந்தால் 'வாகன்' என்ற அரசு வாகனப் பதிவுக் கணினியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் வேலை பேக்லாக் பதிவு, அதாவது பழைய விவரங்களைக் கணினியில் ஏற்றுவது. மதுரையில் தெற்கு (டி.என். 58), வடக்கு (டி.என். 59), மையம் (டி.என். 64) என மூன்று ஆர்.டி.ஓ. அலுவலகங்கள். உங்கள் முகவரி எந்த எல்லை என்று உறுதி செய்துகொண்டு போங்கள்.

பதிவுக் காலமும் முடிந்திருந்தால் ஒரு சிக்கல்: புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும், இன்ஜின் இல்லாமல் காட்ட முடியாது. ஒரே மனுவில் இரண்டையும் சொல்லி, இன்ஜின் மாட்டியபின் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரே முறையில் பார்க்கக் கேளுங்கள். மாட்டிய 14 நாளுக்குள் ஆர்.சி.யையும் கட்டணத்தையும் கொடுத்துப் புது எண்ணைப் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் அந்த எண் ஏற வேண்டும். இல்லாவிட்டால் விபத்தில் சேத இழப்பீடு கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. 50 வருடம் தாண்டிய கார் என்பதால் 2021-ல் வந்த விதியின்படி 'வி.ஏ.' எழுத்துள்ள விண்டேஜ் பதிவு பெறலாம், பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அம்பாசடர் இன்ஜின் ஏறினால் இந்த வாய்ப்பு கேள்விக்குறி. அதனால் முதலில் அந்த ஓட்டையை நல்ல லேத்தில் காட்டுங்கள். மெயின் பேரிங் பகுதி தப்பியிருந்தால், வார்ப்பிரும்பை ஸ்டிச்சிங் முறையில் (வெல்டிங் இல்லாமல் உலோக ஆணிகளால் தைப்பது போல) அடைத்து, சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டு அதே பிளாக்கை மீட்க முடியும். எண் மாறாது, மாற்ற மனுவே வேண்டாம். மீட்க முடியாமல் இன்ஜினை மாற்றினாலும், பழைய பிளாக்கைத் தகட்டோடு காயலான் கடைக்குப் போட்டுவிடாமல் வீட்டிலேயே வையுங்கள். பின்னால் யாராவது எண்ணைப் பற்றிக் கேட்டால் காட்ட உங்களிடம் இருக்கும் நேரடிச் சாட்சி அதுதான்.