நிலுவையில் கிடந்த விளையாட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

வாங்கிவிட்டுத் தொடாமலும், தொட்டுவிட்டுப் பாதியில் விட்டும் ஆண்டுக்கணக்கில் கிடந்த வீடியோ கேம்களில் ஐந்தினை ஒருவழியாக முடித்துவிட்டேன் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே பதில் எழுதுகிறேன். ‘ஷேடோ ஆஃப் த கொலாசஸ்’ விளையாடும் எண்ணம் உள்ளவர்கள் கடைசிப் பதிலை மட்டும் பிறகு படித்துக்கொள்ள வேண்டுகிறேன். அதன் முடிவைச் சொல்லாமல் அந்தப் பதிலை எழுத என்னால் இயலவில்லை.

கேள்வி: பாதியில் விட்ட கேமை ஓராண்டு கழித்துத் திறந்தேன். எங்கே போக வேண்டும், எந்தப் பட்டன் எதற்கு என்று ஒன்றுமே நினைவில் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, முதலிலிருந்து ஆரம்பிப்பதா?

பதில்: தயங்காமல் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். 2018இல் வெளியான ‘செலஸ்ட்’ கேமை ஐந்தாம் அத்தியாயத்தில் விட்டிருந்த நான், பழைய சேவிலிருந்தே (விட்ட இடத்தைச் சேமித்து வைத்திருக்கும் பதிவிலிருந்தே) தொடரலாம் என்று உட்கார்ந்து ஒரு மாலைப் பொழுதை முழுவதுமாக இழந்தேன். அதில் மலையேறும் மேடலின் என்ற பெண்ணுக்குத் தெரிந்த வித்தைகள் தாவுவது, சுவரைப் பற்றி ஏறுவது, அந்தரத்தில் ஒரு முறை பாய்வது ஆகிய மூன்றுதான். அவற்றை எந்தக் கணத்தில் எப்படிச் சேர்ப்பது என்பதை முதல் நான்கு அத்தியாயங்கள் நம் விரல்களுக்குக் கற்றுக்கொடுக்கின்றன. விரல்கள் மறந்துவிட்டால், கதை எவ்வளவுதான் நினைவில் இருந்தாலும் பயனில்லை.

புதிதாகத் தொடங்கியபோது இன்னொன்றும் கிடைத்தது. நான்காம் அத்தியாயத்தின் இறுதியில் ரோப் கார் நடுவழியில் நின்றுவிட, மேடலினுக்குப் பதற்றத்தில் மூச்சு முட்டுகிறது. உடனிருக்கும் தியோ, ஓர் இறகை மனத்தில் நினைத்து, அதை மூச்சினால் மிதக்கவிடச் சொல்கிறான். உடனே திரையில் ஓர் இறகு தோன்றுகிறது. பட்டனை அழுத்தினால் எழுகிறது, விட்டால் மெல்ல இறங்குகிறது. அதை ஒரு வரம்புக்குள் நிறுத்த முயன்றுகொண்டிருந்த சில நொடிகளில், அதன் போக்குக்கு ஏற்ப நானும் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அந்த இறகுதான் ஆறாம் அத்தியாயத்தில் அவளை உண்மையாகவே பறக்க வைக்கிறது. ஏழாம் அத்தியாயமான மலையுச்சியில், முன்பு கடந்துவந்த இடங்களின் தடைகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஆனால் இப்போது அவளால் அந்தரத்தில் இரண்டு முறை பாய முடியும். முன்பு நூறு முறை விழுந்த தடையை இரண்டே நொடிகளில் தாண்டிப் போகும் அந்த மகிழ்ச்சி, பழைய வீழ்ச்சிகளை மறந்துவிட்டவருக்கு எப்படிக் கிடைக்கும்? பழைய சேவ் பதிவை அழித்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

கேள்வி: பட்டியலில் நூறு மணிநேரம் பிடிக்கும் கேம்களும் இரண்டு மணிநேரத்தில் முடிபவையும் இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது?

பதில்: நீளத்தைவிட, எது இடைவெளியைத் தாங்கும், எது தாங்காது என்பதையே நான் பார்க்கிறேன். லூகாஸ் போப் உருவாக்கி 2018இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின்’ இடைவெளியைத் துளியும் தாங்காது. காணாமல் போன கப்பல் ஒன்று 1807இல் ஆளில்லாமல் கரை திரும்புகிறது. அதில் சென்ற 60 பேர் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரின் பெயரும் கதியும் சரியாக அமைந்தால்தான் கேம் அவற்றை உறுதிசெய்யும் என்பதால், ஊகித்துத் தப்பிப்பது கடினம். தூக்குப் படுக்கையில் தொங்கும் எண், ஒருவன் காலில் இருக்கும் செருப்பு ஆகிய சிறு தடயங்களை மனத்தில் சுமந்துகொண்டே திரிய வேண்டும். பத்து நாள் விட்டால் அத்தனையும் கலைந்துவிடும். ஆகவே வேறு வேலை அதிகமில்லாத ஒரு வாரத்தை அதற்கென்றே ஒதுக்கினேன்.

2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ கேமும் இந்த வகைதான். 22 நிமிடங்களில் சூரியன் வெடித்து எல்லாம் அழிந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். புதிய ஆயுதமோ கூடுதல் பலமோ எதுவும் கிடைக்காது. நாம் அறிந்துகொண்டது மட்டுமே அடுத்த சுற்றுக்கு வரும். விண்கலத்தில் உள்ள குறிப்பேடு கண்டுபிடித்தவற்றைப் பதிந்து வைத்துக்கொள்கிறது என்றாலும், ஒரு குறிப்பையும் இன்னொன்றையும் இணைக்கும் எண்ணம் நம் தலையில்தான் இருக்கிறது.

இரண்டு மணிநேர கேமை ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். 2012இல் வெளிவந்த ‘ஜர்னி’யில் இணையம் வழியே விளையாடும் முகம் தெரியாத ஒருவர் வழித்துணையாக வந்து சேர்வார், பேசவோ எழுதவோ வழியில்லை, ஓர் ஒலி எழுப்பலாம், அவ்வளவுதான். பனிமலையில் இருவரும் நெருங்கி நின்றால் நம் பாத்திரம் அணிந்திருக்கும் சால்வையின் மங்கிய ஒளி சற்றே மீளும். அவர் பெயரைக்கூட எல்லாம் முடிந்த பிறகுதான் திரையில் காண்கிறோம். அதை நடுவில் நிறுத்தினால் அந்தத் துணையைத் திரும்பப் பெற முடியாது.

கேள்வி: பிடிக்காத கேமைப் பணம் கொடுத்து வாங்கிய ஒரே காரணத்துக்காக முடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணிநேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்தக் கெடு கடந்திருந்தாலும், நீக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள். நான் முடித்த ஐந்துக்காகக் கைவிட்டவை ஏழு.

கேள்வி: ஒரு கேமை முடித்த அன்று மனம் நிறைந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து யாராவது கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்பதற்கு மேல் சொல்ல வரவில்லை. தாங்கள் அனுபவத்தை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்?

பதில்: முடித்த அன்றிரவே, பிறருடைய கருத்துகளைப் படிப்பதற்கு முன், அரைப் பக்கம் எழுதிவிடுகிறேன். கதைச் சுருக்கத்தை எழுதுவதில்லை. அது எங்கும் கிடைக்கும். என் கைகள் என்ன செய்தன என்பதை எழுதுகிறேன்.

ஃபுமிட்டோ உவேடாவின் இயக்கத்தில் 2005இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ‘ஷேடோ ஆஃப் த கொலாசஸ்’ கேமின் 2018ஆம் ஆண்டுப் புதுப்பதிப்பைத்தான் நான் முடித்தேன். இறந்த பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் 16 பேருருவங்களை வீழ்த்த வேண்டும். அந்தப் பெருவெளியில் அவனுக்கு ஒரு குதிரையைத் தவிர வேறு துணை இல்லை. பேருருவத்தின் மயிரைப் பற்றி ஏற ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும், பிடி தளரத் தளரத் திரையில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். பதினாறாவதை நோக்கிச் செல்லும் வழியில் பாலம் இடிந்து, அவனை அக்கரையில் தள்ளிவிட்டுக் குதிரை பள்ளத்தில் விழுகிறது. விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் குதிரையை அழைக்கும் பட்டனை இரண்டு முறை அழுத்தினேன்.

இறுதியில் ஒரு சூறைக்காற்று அவனைக் கோயிலின் குளத்துக்குள் இழுக்கிறது. தப்ப முடியாது, ஆனால் கேம் அதைக் காட்சியாகக் காட்டிவிட்டு நகராமல் கட்டுப்பாட்டை நம்மிடமே விட்டுவைக்கிறது. பெண் கிடக்கும் மேடையை நோக்கி ஓடினேன், காற்று பின்னுக்கு இழுத்தது. படிக்கட்டின் விளிம்பைப் பற்றினேன். 16 முறை பழகிய அதே பிடிதான். அன்றிரவு நோட்டில் எழுதிய முதல் வரி இது: “அவன் குளத்துக்குள் போய்விட்டான், நான் இன்னும் பட்டனை விடவில்லை.”