உதட்டோரம் திரும்பத் திரும்ப வரும் கொப்புளம்: இளவயதில் இது அரிதா?

கேள்வி: எனக்கு 21 வயது. விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை, பெரும்பாலும் தேர்வு நேரத்தில், கீழுதட்டில் ஒரே இடத்தில் நீர்க்கொப்புளங்கள் வருகின்றன. இது பால்வினை நோய் என்று தோழி ஒருத்தி சொன்னதிலிருந்து பயமாக இருக்கிறது. என் வயதில் இது அரிதா? ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: அரிதே அல்ல. நீங்கள் விவரிப்பது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்னும் வைரஸால் வரும் கொப்புளமாகவே தோன்றுகிறது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவரின் உடலில் இந்த வைரஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பலருக்கு வாழ்நாளில் ஒரு கொப்புளம்கூட வருவதில்லை; வருபவர்களிலும் பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வரும் என்பதால், உங்கள் கணக்கு வழக்கத்தை வெகுவாக மீறியதல்ல.

பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டாரின் முத்தத்தாலோ எச்சிலாலோ தொற்றும் இந்த வைரஸ், முகத்துக்கு உணர்வூட்டும் நரம்பின் முடிச்சில் ஒடுங்கிக் கிடந்து, காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், தூக்கமின்மை, மன அழுத்தம் போன்றவற்றின்போது அதே நரம்பு வழியாக உதட்டுக்கு இறங்கி வருகிறது. ஒரே இடத்தில் வருவதும் தேர்வு நேரத்தில் வருவதும் இதனால்தான். ஆகவே உங்கள் தோழியின் முடிவு பொருந்தாது. ஆனால் கொப்புளம் இருக்கும்போது வாய்வழி உறவு கொண்டால் துணையின் பிறப்புறுப்புக்கு இது தொற்றக்கூடும் என்பது உண்மை.

ரத்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை. என்றோ வைரஸ் உடலில் புகுந்ததை மட்டுமே அது சொல்லும். ஊரில் பாதிப் பேருக்கு மேல் பரிசோதனை முடிவு அப்படித்தான் வரும். ஐயம் இருந்தால், புதிய கொப்புளத்தின் நீரை எடுத்துச் சோதிப்பதே பயன் தரும்.

சிகிச்சையில் நேரம்தான் முக்கியம். கொப்புளம் எழும்பும் முன்பே அந்த இடத்தில் குறுகுறுப்போ எரிச்சலோ தெரியும். அப்போதே வைரஸை அடக்கும் வாலசைக்ளோவிர் மாத்திரையைத் தொடங்கினால் புண் சற்று விரைவில் ஆறும். ஒரே நாளில் முடியும் மருத்துவம் என்பதால், மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நம் மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள், அது வைரஸுக்குத்தான் துணைபோகும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையாலும் இதற்குப் பயனில்லை. வாய்க்குள் வரும் வெண்ணிறப் புண் வேறு, இது வேறு.

பொருக்கு உதிரும்வரை முத்தம், ஒரே குவளை, ஒரே துண்டு ஆகியவற்றைத் தவிருங்கள். கைக்குழந்தைகளைக் கொஞ்சவே வேண்டாம்; பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு இந்த வைரஸ் உயிராபத்தை உண்டாக்கலாம். புண்ணைத் தொட்ட கையால் காண்டாக்ட் லென்ஸ் அணியாதீர்கள். கண் சிவந்து வலித்தாலோ, புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ, ஆண்டுக்கு ஆறு முறைக்கு மேல் வந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். கண் என்றால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.