மகன் கேட்பது ஆமியையா, வாகனத்தையா?

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் கிடைத்தது. மண்முனைப் பாலம் தாண்டி நேரில் வரலாம்தான், ஆனால் மகனை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தாய்மாமனின் கராஜில் நிற்கும் பிள்ளை, "நான் ஆமியில மெக்கானிக்காப் போகப்போறன்" என்று சொன்ன நாளிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. எனக்கு விளங்குகிறது. உங்கள் வீட்டில் யாருக்கு என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கமாட்டேன். மட்டக்களப்பின் படுவான்கரையில் அந்தப் போர் வருடங்களைக் கடந்து வந்த ஒரு தாய்க்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் நெஞ்சு பதறத்தான் செய்யும்.

ஆனால் பதற்றத்தில் ஒன்று செய்துவிட்டீர்கள். "இனி அந்தக் கராஜ் பக்கமும் போகாதே" என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை மட்டும் இன்றைக்கே மாற்றிச் சொல்லுங்கள். ஆமி என்ற சொல்லுக்குப் பயந்து, பிள்ளையின் கையில் வந்திருக்கிற தொழிலையும் சேர்த்துத் தட்டிவிடக் கூடாது.

முதலில் அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உனக்கு வேண்டியது ஆமியா, வாகனமா? இரண்டும் ஒன்று என்று அவர் இப்போது நினைக்கிறார். போனில் அவர் பார்த்துக்கொண்டிருப்பது அமெரிக்க இராணுவத்தின் சில்லு வாகன மெக்கானிக் வேலை பற்றிய படங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேலையை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மகனோடு பேசும்போது அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே இந்தத் தொழிலுக்கு '91 பி' என்று இலக்கம். ஹம்வி என்ற இராணுவ ஜீப், பெரிய லொறிகள், இழுவை வண்டிகள் என்று சில்லில் ஓடுகிற எல்லாம் இவர்கள் பொறுப்பு. யுத்த தாங்கி போன்ற சங்கிலி வண்டிகளுக்கு வேறு ஆட்கள். சேர்ந்தவுடன் ஸ்பானரைக் கையில் தருவதில்லை. முதல் 10 வாரம் எல்லோருக்கும் உள்ள அடிப்படைப் போர்ப் பயிற்சி. துப்பாக்கி, ஓட்டம், அணிவகுப்பு எல்லாம் அதில் உண்டு. தொழில் பயிற்சி அதற்குப் பிறகுதான். மெக்கானிக்காக இருந்தாலும் அவர் முதலில் சிப்பாய். எந்த நாட்டு இராணுவத்திலும் இதுதான் நிலை. மகன் பார்த்த படங்களில் இந்தப் பகுதி வந்திருக்காது.

தொழில் பகுதி உண்மையிலேயே நல்ல பள்ளிக்கூடம். வண்டி ஓடுவதற்கு முன், ஓடும்போது, ஓடி முடித்த பின் என்று மூன்று தடவை சாரதி பார்த்துக் குறைகளைத் தாளில் எழுத வேண்டும். மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வேலை தொடங்குவார். நம் ஊர் கராஜ்களில் பெரும்பாலும் இல்லாதது இதுதான். "பிரேக் கொஞ்சம் பிடிக்குதில்ல" என்று ஆள் சொல்வார், பாஸ், அதாவது கராஜின் மூத்த மெக்கானிக், காதில் கேட்பார், எங்கேயும் எழுதப்படாது. இன்னொன்று, இராணுவ வாகனங்களின் மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ட். கார்களில் 12 வோல்ட். ஆனால் நம் பஸ்ஸிலும் பெரிய லொறியிலும் அதே 24 வோல்ட்தான். ஆகவே அந்த வேலை பழகியவருக்கு வெளியே வந்தாலும் தொழில் கைவிடாது.

மகனுக்குச் சொல்ல இன்னொரு விஷயமும் வைத்திருக்கிறேன். சேற்றில் புதைந்த வண்டியை மீட்பதும் இவர்கள் வேலை, அதற்கு ஒரு கணக்குப் படிப்பிக்கிறார்கள். சில்லு அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடை எவ்வளவோ அவ்வளவு இழுவிசை வேண்டும். மட்கார்ட் வரை போய்விட்டால் இரண்டு மடங்கு. கேபின் வரை போய்விட்டால் மூன்று மடங்கு. 5 தொன் வண்டி மட்கார்ட் வரை சேற்றில் நின்றால் 10 தொன் இழுக்க வேண்டும், அதைத் தாங்காத கம்பியைக் கட்டினால் அது அறுந்து வந்து ஆளை அடிக்கும். மாரியில் வயலுக்குள் புதைந்த டிராக்டரைச் சங்கிலி போட்டு இழுப்பதை உங்கள் மகன் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பார். அந்த வேலைக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலர்ந்தால் அவர் விரும்புவது வாகனத்தை. அதைக் காதில் வாங்காமல் சீருடையைப் பற்றியே பேசினால், அது வேறு பேச்சு. அதையும் பேசத்தான் வேண்டும்.

அமெரிக்க இராணுவத்தில் சேர அந்த நாட்டுக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை வேண்டும். ஆகவே இங்கிருந்து அந்த வழி இல்லை. இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி, இதில் விளையாட்டு வேண்டாம். வெளிநாட்டு இராணுவத்தில் மெக்கானிக் வேலை, சாரதி வேலை, சமையல் வேலை, சண்டைக்குப் போகத் தேவையில்லை என்று யாராவது ஏஜென்ட் வந்தால் படலையைத் திறக்காதீர்கள். 2024இல் இலங்கையின் முன்னாள் படையினர் பலரை இப்படித்தான் பின்னணி வேலை என்று சொல்லி ரஷ்ய, உக்ரைன் போர்முனைக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பி வரவில்லை.

இனி நம் நாட்டு இராணுவம். வாகனங்களைப் பார்ப்பதற்கென்றே மின், இயந்திரப் பொறியியல் படையணி ஒன்று அதில் இருக்கிறது. நம் ஊரில் 'பவல்' என்று சொன்ன அந்தத் தென்னாபிரிக்கக் கவச வண்டியை மாதிரியாக வைத்து யூனிகோர்ன், பிறகு யூனிபஃபல் என்று உள்ளூரிலேயே கட்டியவர்கள் அவர்கள்தான். அந்த வண்டியின் சத்தம் உங்களுக்கு எதை நினைவூட்டும் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். மகன் அந்த நாட்களுக்குப் பிறகு வளர்ந்தவர். அவருக்கு அது ஒரு இயந்திரம். அவர் மீது கோபப்படாதீர்கள், ஆனால் உங்கள் நினைவை அவருக்குச் சொல்லாமலும் இருக்காதீர்கள். ஒரு பின்னேரம் உட்காரவைத்து, அழுகை வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் தாய் சொன்ன "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு மட்டும் வருகிறார்கள். ஏன் வேண்டாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அவர் எடைபோட வேண்டியவை சில உண்டு. 18 வயதாக வேண்டும், உங்கள் மகனுக்கு இன்னும் 17. சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்று கராஜை விட்டு வருவதுபோல் வந்துவிட முடியாது. அனுமதியில்லாமல் விலகுவது இராணுவச் சட்டப்படி குற்றம். சிப்பாய்க்கு ஓய்வூதியம் என்றால் 22 வருடச் சேவை. அதாவது 40 வயது வரைக்குமான முடிவை 18 வயதில் எடுக்கிறார். எந்த முகாமுக்கு அனுப்பினாலும் போக வேண்டும். அன்றாட வேலை சிங்களத்தில் நடக்கும், கூட இருப்பவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் மிகக் குறைவாக இருப்பார்கள். அதோடு 2023 ஜனவரியில் அரசாங்கம் இராணுவத்தின் ஆளணியை 2024இல் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆளைக் குறைக்கிற நிறுவனத்தை மட்டும் நம்பி எதிர்காலத்தைத் திட்டமிடச் சொல்ல எனக்கு மனமில்லை. மறுபக்கம், மாதச் சம்பளம் நிச்சயம், மருத்துவம் உண்டு, ஒழுங்கான வேலைத்தளம் உண்டு. இவற்றையும் மறைக்கக் கூடாது.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். இன்று ஆமி வேண்டுமா வேண்டாமா என்று சண்டை பிடிக்காதீர்கள். 18 வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் அவர் கையில் வாகனத் தொழில்நுட்பத்தில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் ஒன்றுக்கான பாதை தொடங்கியிருக்க வேண்டும். என்.வி.கியூ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 1 முதல் 4 வரை தொழில் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா மட்டம், 7 பட்டம். 4ஆம் மட்டம் இருந்தால் அவர் 'கராஜில் நிற்கிற பொடியன்' இல்லை, தகைமையுள்ள மெக்கானிக். இராணுவத்துக்குப் போனாலும், இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போவுக்குப் போனாலும், கட்டாருக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

எங்கே படிப்பது என்றால், உங்களுக்குக் கிட்ட மஞ்சந்தொடுவாயில் மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அம்பாறைப் பக்கம் சம்மாந்துறையில் ஒன்று. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் மாவட்டத்தில் உண்டு. விடுதியில் நிற்கத் தயார் என்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. தமிழ்ச் சூழலில், நல்ல கருவிகளோடு, டிப்ளோமா மட்டம் வரை போகலாம். மொறட்டுவையில் உள்ள பழைய தொழிற்பயிற்சி நிலையமான ஜேர்மன் டெக் பற்றி மாமா கேள்விப்பட்டிருப்பார். என் தெரிவு கிளிநொச்சி. வீட்டை விட்டு விலகி நிற்கப் பழகுவார், நீங்களும் பழகுவீர்கள். எந்த இடமானாலும் விண்ணப்பத் திகதியை அங்கேயே கேளுங்கள், தெருவில் சொல்வதை நம்பிப் பிந்திவிடாதீர்கள்.

மாமாவின் கராஜில் பழகியதும் வீண் போகாது. வேலை செய்து கற்றவரை நேரில் சோதித்து, பாடநெறி முழுவதையும் இருந்து படிக்காமலே என்.வி.கியூ வழங்கும் முறை இருக்கிறது, முன்கற்றலை அங்கீகரித்தல் என்று சொல்வார்கள். நைட்டாவிடம், அதாவது பயிலுனர் பயிற்சி அதிகார சபையிடம், இதை விசாரியுங்கள். உண்மையைச் சொன்னால் மாமாவே இதற்கு விண்ணப்பிக்கலாம். பல வருட அனுபவமுள்ள எத்தனையோ பாஸ்மார் நம் மாவட்டத்தில் ஒரு சான்றிதழும் இல்லாமல் இருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு தகப்பனுக்கு நான், "முதலில் உயர்தரம் படிக்கட்டும், கராஜைப் பிறகு பார்க்கலாம்" என்று சொன்னேன். அந்தப் பிள்ளை இரண்டு தடவை எழுதியும் சித்தியடையவில்லை, கை வேலையும் விட்டுப்போயிற்று. அந்த வருடங்கள் இன்றைக்கும் என் மனதை உறுத்துகின்றன. அதனால்தான் கராஜை நிறுத்த வேண்டாம் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இல்தான். அந்த ஐந்து வருடமும் நாடு பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓடியது. இப்போது ஹைபிரிட் வண்டிகள் நிறைய, அவற்றை ஸ்கேனர் போட்டுப் பார்த்துப் பிழை பிடிக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் போதாது. அம்பாறையிலும் படுவான்கரையிலும் அறுவடைக் காலத்தில் ஒரு மெசின் நின்றால் வயல்காரர் படும் பாடு உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் டீசல் எஞ்சினும் ஹைட்ரோலிக்கும் தெரிந்த ஒருவரைத் தேடித் திரிவார்கள். சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் இப்போதே பழகட்டும். ஆமிக்கு இல்லாவிட்டாலும், பாகம் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகும் அன்றைக்கு உதவும்.

18 முடிந்து, சான்றிதழும் கையில் வந்து, நீங்கள் மனம் திறந்து பேசியும், அதற்குப் பிறகும் இராணுவம்தான் என்று அவர் நின்றால், என்னிடம் கூட்டி வாருங்கள். அன்றைக்கு அவரை மிரட்டவும் மாட்டேன், தள்ளிவிடவும் மாட்டேன். சேர்ப்பு அறிவித்தலை மூவரும் வரிவரியாக வாசிப்போம்.

அதற்கு முன் அடுத்த கிழமை ஒருநாள் அவரை மட்டும் அனுப்புங்கள். பரீட்சை முடிவு வரக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியில், மாமாவின் கராஜில் தன் கையால் செய்த வேலைகளைத் திகதி போட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். என்ன வண்டி, என்ன குறை, எதைக் கழற்றினார், எது பிழைத்தது, அதை எப்படித் திருத்தினார். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் அப்படியே கொண்டுவரட்டும்.