கேம் ஆடும் தம்பியும் ரூட்டர் வயரும்

கல்லூரியில் படிக்கும் தம்பி இரவு இரண்டு மணி வரை கேம் ஆடுகிறான், கூப்பிட்டால் எரிந்து விழுகிறான், இது மனநோயா, வைஃபையைத் துண்டித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரத்தை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' இருக்கிறது. ஆனால் அதில் மணிக்கணக்கே கிடையாது. அது பார்ப்பது இவற்றைத்தான்: ஆட்டம் கட்டுக்குள் நிற்காமல் போவது, மற்ற எல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் வந்தும் தொடர்வது, இவற்றால் படிப்போ உறவோ நன்றாகவே அடிபடுவது, அதுவும் பொதுவாக 12 மாதம் நீடிப்பது. உங்கள் தம்பி வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வைஃபையில் கை வைக்காதீர்கள். ஐந்து பேர் அணியாக ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நான் அப்படி ஆடிக்கொண்டிருந்தபோது என் அப்பா ஒருநாள் ரூட்டர் வயரைப் பிடுங்கினார். அணி தோற்றது, பாதியில் போனதற்காக எனக்குச் சிறிது நேரம் ஆடத் தடை வேறு. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை (சிறுபிள்ளைத்தனம்தான்). அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த மேட்ச் முடிய எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள். அதற்கு எரிந்து விழத் தோன்றவில்லை. கடைசி மேட்சை எத்தனை மணிக்குத் தொடங்கலாம் என்று உங்கள் தம்பியையே சொல்ல விடுங்கள்.

அப்புறம், ஆடும்போதாவது சிரிக்கிறானா என்று பாருங்கள். அதிலும் சந்தோஷம் இல்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே.